ஒரே பணம், நான்கு நிலங்கள்

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

நான் வேலை பார்க்கும் கம்பெனியின் உள் இணையதளத்தில் "இதுவரை நாம் நட்ட மரங்கள்" என்று ஒரு பச்சைக் கட்டம் உண்டு. பக்கத்தைத் திறந்தால் அதிலுள்ள எண் பூஜ்யத்திலிருந்து கடகடவென்று ஓடி வந்து நிற்கும். அதை எழுதியவன் நான்தான். 2017ல் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், இரண்டு மணி நேர வேலை. டேபிளில் மூன்றே ஃபீல்டு: தேதி, இடம், நட்ட எண்ணிக்கை. எல்லா வரிசையையும் கூட்டினால் கட்டத்தில் வரும் எண். கூட்டல் மட்டும்தான். கழித்தலுக்கு அதில் வழியே கிடையாது.

அந்த டேபிளின் முதல் வரிசை எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ஏரிக்கரை. 1,200 கன்றுகள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். குழி ஏற்கெனவே தோண்டி வைத்திருந்தது. டீ-ஷர்ட், தொப்பி, பேனர், உப்புமா. வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம். நானும் மூன்று நட்டேன். மகள் பெயரை அட்டையில் எழுதி ஒன்றில் கட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு வருடம் கழித்து மகள் "என் மரம் எவ்ளோ உயரம் இருக்கும்ப்பா?" என்று கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு போனேன். மூன்று மணி நேரம் நடந்து எண்ணியதில் உயிரோடு இருந்தவை 187. மகள் பெயர் கட்டிய இடத்தில் குச்சிகூட இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நான் எண்ணுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மழை பெஞ்சா இங்க தண்ணி ஏறி நிக்கும் சார். நட வந்தவங்க ஒருத்தரும் கேக்கலியே."

திங்கட்கிழமை அலுவலகத்தில் "உயிருடன்" என்று நான்காவது ஃபீல்டு ஒன்று சேர்க்கலாமா என்று கேட்டேன். "அது ஸ்கோப்ல இல்லப்பா" என்றார்கள். நானும் அதோடு விட்டுவிட்டேன். அப்ரைசல் மாதம். வீட்டில் மகளிடம் "நல்லா வளந்திருக்கு" என்று சொன்னேன். இந்தக் கட்டுரையின் வேர் அந்தப் பொய்தான்.

'கம்பெனிக்காரன் ஏமாத்துறான்' என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் எங்கள் சி.எஸ்.ஆர். குழுவில் இருந்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் கிடையாது. பணம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது, கன்றும் நிஜக் கன்றுதான். அப்புறம் எங்கே தப்பு? இந்தக் கேள்வியோடு சில வருடங்களாக ராத்திரி நேரத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் சூழலியல் படித்தவன் இல்லை, வெறும் பி.இ. என் வாசிப்புக் குறிப்புகள் என்ற அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நெதர்லாந்து மின்சாரம்

எனக்குக் கிடைத்த மிக நல்ல உதாரணம் ரொம்பப் பழசு. 1990ல் நெதர்லாந்தின் மின் உற்பத்தி நிறுவனங்களின் கூட்டமைப்பு, ஃபேஸ் என்றொரு அறக்கட்டளையைத் தொடங்கியது. புதிதாகக் கட்டத் திட்டமிட்டிருந்த 600 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் வெளியிடப்போகும் கரியமில வாயுவுக்கு ஈடாக 1,50,000 ஹெக்டேர் காடு வளர்ப்பது அதன் இலக்கு. கியோட்டோ ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு ஏழு வருடம் முன்பே! நெதர்லாந்துக்கு வெளியே செக், மலேசியா, உகாண்டா, ஈக்வடார் என்று நான்கு நாடுகளில் வேலை தொடங்கினார்கள்.

எனக்கு இது ஏன் முக்கியமாகப் பட்டது என்றால், பணம் ஒன்று, நோக்கம் ஒன்று, காலமும் கிட்டத்தட்ட ஒன்று. மாறியது நிலம் மட்டும்தான். ஒரே புரோகிராமை நான்கு மெஷினில் ஓட்டிப் பார்த்த மாதிரி. நான்கிலும் நான்கு விதமான விடை வந்தது.

செக்: முதலில் எளிதான கேஸ். அங்கே கிர்க்கொனோஷே மலைகளில் காடு இருந்தது. நிலக்கரி மின் நிலையங்களின் கந்தகப் புகையும் அமில மழையும் அதைக் கொன்றன. பட்டுப்போன மரங்கள் நின்ற தேசியப் பூங்காவில் மறுபடி நட்டார்கள். முன்பு என்ன இருந்தது என்பதில் குழப்பமில்லை. நிலம் யாருடையது என்பதிலும் சண்டையில்லை.

சபா, மலேசியா: போர்னியோ தீவில் டானும் பள்ளத்தாக்கை ஒட்டிய, மரம் வெட்டி முடித்த காடு. 1992ல் ஆரம்பம், இலக்கு 25,000 ஹெக்டேர். இங்கே உயர்ந்து நிற்பவை டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள். நம்ம ஊர் வெள்ளைக் குங்கிலியமும் அதே குடும்பம்தான். இவை வருடாவருடம் காய்ப்பதில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை காடு மொத்தமும் சேர்ந்து காய்க்கும். விதையையும் சேமித்து வைக்க முடியாது. அதனால் விதை விழும் வருடத்துக்குக் காத்திருந்து, பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, இருக்கிற காட்டுக்குள் ஊடே நட்டார்கள். மரங்களை அமுக்கிக்கொண்டிருந்த கொடிகளை வெட்டினார்கள். 'மரம் நடு விழா'வுக்கு லாயக்கில்லாத வேலை. அட்டை கடிக்கும், போட்டோவில் இருட்டாகத்தான் விழும்.

இதன் பலனை அளந்த ஆய்வு 2020ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. தானாக மீள விட்ட காடு ஹெக்டேருக்கு வருடம் 2.9 டன் கார்பன் சேர்த்தது. இப்படிப் பராமரித்த காடு 4.4 டன் சேர்த்தது. அறுபது வருடத்தில் நடக்க வேண்டிய மீட்சி நாற்பது வருடத்தில் நடக்கும் என்பது அவர்கள் கணக்கு. திட்டத்தோடு தொடர்புடையவர்களும் ஆய்வாளர்களில் இருந்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இருபது வருடத்துக்கு மேல் அளந்து பார்த்த திட்டங்கள் ரொம்பக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

எல்கான் மலை, உகாண்டா: ஒப்பந்தம் 1994ல். இலக்கு இங்கேயும் 25,000 ஹெக்டேர். ஒரு வருடம் முன்புதான், 1993ல், அந்த மலை தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, எல்லைக்குள் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஃபேஸ் மரம் நட்டது எல்லையை ஒட்டிய அந்தப் பட்டையில். ஊர்க்காரர்கள் 'எங்கள் வயல்' என்று சொன்ன இடமும் அதுதான். வெளியேற்றத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்றது அறக்கட்டளை. 2002ல் இந்தத் திட்டத்துக்கு நல்ல வன மேலாண்மைக்கான எஃப்.எஸ்.சி. சான்றிதழும் கிடைத்தது. பெனெட் மக்கள் வழக்குப் போட்டார்கள். 2005 அக்டோபரில் அவர்கள் அந்த மலையின் பூர்வ குடிகள், அங்கே இருக்க உரிமை உள்ளவர்கள் என்று நீதிமன்றத்தில் தீர்வானது. அதை ஒட்டிய ஆண்டுகளில் மலையில் பல இடங்களில் மக்கள் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மக்காச்சோளமும் பீன்ஸும் போட்டார்கள். அழிந்த மரங்கள் லட்சக்கணக்கில்.

இதை முதலில் படித்தபோது, 'வெட்டியவர்கள் விவரம் இல்லாதவர்கள்' என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்புறம் யோசித்தேன். எங்கோ ஆம்ஸ்டர்டாமில் எரியும் விளக்குக்காக என் வீட்டு வாசலில் மரம் நட்டு, என்னை வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினால், அந்த மரத்தை நான் என்னவாகப் பார்ப்பேன்? வேலியாகத்தான் பார்ப்பேன்.

ஈக்வடார்: இது இன்னும் நுட்பமான தப்பு. ஆண்டிஸ் மலையில் மரக்கோட்டுக்கு மேலே பாராமோ என்ற ஈரப் புல்வெளி இருக்கிறது. 1993லிருந்து மலைக்கிராமங்களோடு ஒப்பந்தம் போட்டுப் பெரும்பாலும் பைன் நட்டார்கள். இருபதாயிரம் ஹெக்டேருக்கு மேல். மரங்கள் நன்றாகவே பிழைத்தன என்று வைத்துக்கொள்வோம். என்னுடைய நான்காவது ஃபீல்டில் எல்லாமே 'உயிருடன்' என்று வரும். ஆனால் பாராமோவின் கார்பன் கண்ணுக்குத் தெரிவதில்லை. குளிரிலும் ஈரத்திலும் மட்காமல் சேர்ந்த கறுப்பு மண்ணில் அது இருக்கிறது. பைன் வேர் மண்ணை உலர்த்துகிறது. அதே நாட்டில் கோட்டோபாக்ஸி பகுதியில் புல்வெளியில் நட்ட பைன் தோப்புகளை ஆராய்ந்து 2004ல் ஒரு கட்டுரை வந்தது. பைனுக்குக் கீழே மேல்மண்ணின் கார்பனும் நீரைப் பிடித்துவைக்கும் திறனும் குறைந்திருந்தன. மேலே மரத்தில் சேர்த்ததில் ஒரு பங்கைக் கீழே மண்ணில் இழக்கிறோம். மலையடிவாரத்து ஊர்களுக்கு வரும் தண்ணீரும் சேர்ந்து குறைகிறது.

இதே ஈக்வடாரில் 2000ல் கீட்டோ நகரத்துக்காக ஒரு தண்ணீர் நிதியம் தொடங்கினார்கள். நகரக் குடிநீர் வாரியம் போட்ட பணத்தோடு மின்சார நிறுவனம், பீர் கம்பெனி என்று தண்ணீரை நம்பித் தொழில் செய்பவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வட்டியில் பாராமோவைப் பாதுகாக்கிறார்கள். பீர் கம்பெனிக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குப் புல் வேண்டும். கார்ப்பரேட் கூட்டு என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பாராமோ நமக்கு அந்நியம் இல்லை

ஊட்டி, கொடைக்கானல் போனவர்கள் பாராமோவின் தம்பியைப் பார்த்திருப்பீர்கள். மடிப்புகளில் சோலை, மேட்டில் புல்வெளி. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து, அந்தப் புல்வெளியை 'சும்மா கிடக்கும் இடம்' என்று நினைத்து யூகலிப்டஸ், சீகை, பைன் என்று நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் மரக்கூழுக்கும் இன்னும் வேகமாக நட்டார்கள். பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது வருடத்தில் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018ல் ஓர் ஆய்வு காட்டியது. இப்போது அந்தச் சீகையை வேரோடு பிடுங்கச் செலவு செய்கிறோம். ஒரு தலைமுறை பெருமையாக நட்டதை அடுத்த தலைமுறை பிடுங்குகிறது.

எங்கள் ஏரிக்கரையும் சின்ன அளவில் இதே கதைதான். எங்களுக்கு அது 'காலி இடம்'. பெரியவரின் ஆடுகளுக்கு மேய்ச்சல். மழைக்காலத்தில் தண்ணீருக்கு வீடு.

ஒரு சின்னக் கணக்கு

எஞ்சினியர் புத்தி சும்மா இருக்காது. நான்கில் நன்றாகப் போனது சபா. அதையே வைத்து, அந்த நிலக்கரி நிலையத்துக்கு ஈடு கட்ட முடியுமா என்று தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். தப்பிருந்தால் திருத்துங்கள்.

600 மெகாவாட் நிலையம் முக்கால்வாசி நேரம் ஓடினால் வருடத்துக்குச் சுமார் 35 லட்சம் டன் கரியமில வாயு. கார்பன் எடையில் சுமார் 9.5 லட்சம் டன். 25 வருடம் ஓடினால் ஏறக்குறைய 2.4 கோடி டன் கார்பன். சபாவில் பராமரிப்பால் கிடைத்த கூடுதல், 4.4லிருந்து 2.9ஐக் கழித்தால், ஹெக்டேருக்கு வருடம் 1.5 டன். 40 வருடத்துக்கு 60 டன். வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 4 லட்சம் ஹெக்டேர். இரண்டு கன்னியாகுமரி மாவட்டங்களைவிடப் பெரிது. ஒரே ஒரு மின் நிலையத்துக்கு!

அவர்கள் போட்ட 1.5 லட்சம் ஹெக்டேர் கணக்கு, வளரும் கார்பன் முழுவதையும் சேர்த்துக்கொள்கிறது. தானாக வளர்ந்திருக்கக்கூடியதை நான் கழித்துவிட்டேன். அதுதான் நியாயம் என்பது என் கட்சி. இன்னொன்று: தானாக மீளும் காடும் அறுபதாவது வருடத்தில் அதே இடத்துக்கு வந்துவிடும் என்றால், கார்பனைப் பொறுத்தவரை இந்த 'ஈடு' நிரந்தரம் இல்லை, இருபது வருடம் முந்திக்கொண்டது மட்டுமே. சபாவில் நடந்தது அருமையான காட்டு மீட்பு. புகைக்குப் பதில் என்று அதை விற்கும்போதுதான் எனக்கு ஒட்டவில்லை.

மூன்று வருடச் சட்டமும் நாற்பது வருட மரமும்

இந்தியாவில் 2014 ஏப்ரலிலிருந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஐந்து கோடி லாபம் என்பது அந்த அளவுகளில் ஒன்று. சூழல் பாதுகாப்பும் பட்டியலில் உண்டு. தொடர் திட்டம் என்று அறிவித்தால் தொடங்கிய வருடம் போக இன்னும் மூன்று வருடம் இழுக்கலாம், அவ்வளவுதான். பணத்தை மார்ச்சுக்குள் கணக்குக் காட்டும் அவசரம் வேறு. சாலை போட, கழிப்பறை கட்ட இந்தக் கால அளவு போதும். மரத்துக்கு?

ஆசியாவின் வெப்பமண்டல, துணை வெப்பமண்டலப் பகுதிகளில் 176 மீட்பு இடங்களைத் தொகுத்த ஓர் ஆய்வு 2023ல் வெளியானது. நட்ட கன்றுகளில் சராசரியாக 18 சதவீதம் முதல் வருடத்திலேயே செத்தன. ஐந்தாவது வருடத்தில் சாவு 44 சதவீதம். அதாவது பண்டு முடிந்து பேனரைக் கழற்றிய பிறகும் கன்று செத்துக்கொண்டேதான் இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் அரசு பல பத்தாண்டுகளாக நட்டதை ஆராய்ந்த 2021ஆம் வருட ஆய்வு இன்னும் கசப்பானது. காட்டின் விதானப் பரப்பில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமே இல்லை. ஊர்க்காரர்களுக்குத் தீவனமும் விறகும் தரும் அகன்ற இலை மரங்களின் பங்கு குறைந்திருந்தது.

மத்திய அரசின் பசுமைக் கிரெடிட் திட்டம் 2023 அக்டோபரில் வந்தது. 2024ல் அறிவித்த முறைப்படி ஒரு மரத்துக்கு ஒரு கிரெடிட், ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம். என் டேபிளேதான்! 2025ல் திருத்தினார்கள்: ஐந்து வருடம் கழித்து, 40 சதவீத விதானம் வந்த பிறகே கிரெடிட். நல்ல திருத்தம். 'உயிருடன்' ஃபீல்டு வந்துவிட்டது. ஆனால் புதர்க்காடும் திறந்தவெளியும் நடவு நிலங்களின் பட்டியலில் இருக்கும்வரை, அங்கே 40 சதவீத நிழல் கேட்பது பாராமோவில் பைன் கேட்பதுதான்.

"ஒண்ணுமே பண்ணாம இருக்கறதுக்கு இது மேல் இல்லையா?" நண்பர்கள் வழக்கமாகக் கேட்பது. சில இடங்களில் ஆமாம். எல்கானிலும் பாராமோவிலும் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அதுதான் மேல்.

வால்பாறை

முடிப்பதற்கு முன் பக்கத்தில் இருக்கும் ஓர் உதாரணம். ஆனைமலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக மழைக்காடு மிஞ்சியிருக்கிறது. நிலம் தோட்டக் கம்பெனிகளிடம். 2000களின் தொடக்கத்திலிருந்து நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அந்தக் கம்பெனிகளோடு பேசி, ஒப்பந்தம் போட்டு, இந்தத் துண்டுகளைச் சீர்செய்துவருகிறது. லண்டானா களையை எடுப்பது, உள்ளூர் மழைக்காட்டு இனங்களை நாற்றங்காலில் வளர்ப்பது, கலந்து நடுவது. ஏழு முதல் பதினைந்து வருடம் ஆன இடங்களை, சும்மா விட்ட இடங்களோடும் நல்ல காட்டோடும் ஒப்பிட்டு 2019ல் கட்டுரை எழுதினார்கள். மீட்ட இடங்கள் நல்ல காட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. பெரிய காட்டுக்குப் பக்கத்தில் இருந்த துண்டுகளைவிட, தனித்துக் கிடந்தவற்றில்தான் மனித உதவிக்குப் பலன் அதிகம். பக்கத்தில் காடு இருந்தால் விதை தானே வந்துசேரும்.

பரப்பளவு சின்னதுதான். எந்த டேஷ்போர்டிலும் பெரிய எண்ணாக வராது. ஆனால் நான் தேடிய மூன்று கேள்விகளுக்கும் அங்கே பதில் இருக்கிறது: இந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது? இப்போது யார் இதை நம்பி வாழ்கிறார்கள்? பத்தாவது வருடம் இங்கே யார் இருப்பார்கள்? செக் திட்டமும் சபாவும் வால்பாறையும் தாக்குப்பிடித்தது இவற்றுக்குப் பதில் இருந்ததால் என்பதே என் புரிதல். எல்கான் இரண்டாவது கேள்வியில் விழுந்தது. ஈக்வடார் முதல் கேள்வியிலேயே. எங்கள் ஏரிக்கரை மூன்றிலும்.

போன மாதம் சி.எஸ்.ஆர். குழுவில் புதிதாக வந்தவர் அழைத்தார். அந்தக் கட்டத்துக்கு இன்னும் அழகான அனிமேஷன் வேண்டுமாம். இந்தமுறை நான் விடவில்லை. 187ஐயும் பெரியவர் சொன்னதையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஒரே ஒரு சைட்டுக்கு மட்டும் டிரை பண்ணலாமா சார்?" என்றார். சரி என்றேன். நான்காவது ஃபீல்டு இப்போது டேபிளில் இருக்கிறது. கணக்கெடுக்காத எல்லா இடத்துக்கும் அது 'தெரியாது' என்று காட்டும். முதல் வரிசை தவிர மற்ற எல்லாமே இப்போதைக்குத் 'தெரியாது'தான்.

மகளுக்கு இப்போது பதினான்கு வயது. உண்மையைச் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்ப்பா, நீ போட்டோ காட்டல" என்றாள். டிசம்பரில் மழை விட்டதும் இருவரும் அந்தக் கரைக்கு மறுபடி எண்ணப் போகிறோம். சேர்ந்து வர நினைப்பவர்கள் நோட்டும் தண்ணீர் பாட்டிலும் கொண்டு வாருங்கள். கன்று வேண்டாம்.